விபூதி போட்டுத் துலக்கிய சிடி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைவிடச் சீக்கிரமாக வருவது நான் சொல்வதுதான் சரி என்ற எண்ணம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அத்தனை வருடம் டிடிபி சென்டர் நடத்தினேன் என்றால், அதற்குக் காரணம் என் வாடிக்கையாளர்களின் பொறுமைதான். எண்பத்தொன்பதில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் டைப்ரைட்டர்களை விற்றுவிட்டு ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரின்டரும் வாங்கினேன். மனு, கல்யாணப் பத்திரிகை, ஆசிரமத்துக்கு வருகிறவர்களின் வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். எழுத்துப் பிழையோடு கொண்டு வந்தால் திட்டிவிட்டு அடித்துக் கொடுப்பேன்.

கம்ப்யூட்டர் விற்றவர் அன்றைக்கே ஒரு சிடியையும் நீட்டினார். மார்க்கர் பேனாவால் விண்டோஸ் என்று கிறுக்கியிருந்தது. எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள், காசு வேண்டாம் என்றார். நான் வாங்கவில்லை. அடுத்தவன் உழைப்பைத் திருடி அதில் உட்கார்ந்து நாலு பேருக்கு மனு அடிப்பதா என்று அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பிறகு சென்னைக்குப் பஸ் ஏறி, ஒரிஜினல் விண்டோஸைப் பெட்டியோடு வாங்கி வந்தேன். அதன் விலையைக் கேட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊரில் என்னைத் தவிர ஒரிஜினல் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் வைத்திருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நானே சொல்லியிருந்தேன்.

அந்தப் பெருமையோடு நான் உட்கார்ந்திருந்த கடைக்குள் ஒருநாள் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும். டிப்போவில் கொடுத்த மெமோவுக்குப் பதில் அடிக்க வேண்டும் என்றார். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இது உள்ளே எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்கு எதற்கு அது, வேலை நடந்தால் போதும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் ஆறு வருடம் நடந்தது.

அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கணக்கில் பட்டம் வாங்கி, வேறு வேலை கிடைக்காமல் கண்டக்டரானவர். சாயந்திர வகுப்பில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கழித்துப் போட்ட பாகங்களைச் சேர்த்து வீட்டில் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் விண்டோஸுக்குப் பதில் ஓடியது லினக்ஸ். அதைச் செய்தவர்கள் எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்கள், உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், படி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் தரலாம் என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன். நாள் முழுக்க டிக்கெட் டிக்கெட் என்று கத்துகிற மனுஷன், வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தால் என் கடைக்கு வந்து இலவசத்துக்கு வக்காலத்து வாங்குகிறாரே என்று கேலி செய்தேன்.

அவர் கோபப்படவே மாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். நிதானமாக டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "டிக்கெட் வாங்கறது தப்புன்னு நான் எப்ப சார் சொன்னேன்? இந்த பஸ்ஸு எந்த வழியா போவுதுன்னு கேட்டா, அத சொல்ல மாட்டோம்னு சொல்ற பஸ்ல நான் ஏற மாட்டேன். அவ்ளோதான்."

நான் விட்டுவிடுவேனா? சும்மா வருகிற பொருளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். என் பெட்டியின் மேல் ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது, கெட்டுப்போனால் போய்க் கேட்கலாம். உங்களுடையது கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது என்றேன். எழுதினவர்களையே கேட்கலாம், கடிதம் போட்டால் பதில் வரும் என்றார் அவர். நீங்கள் கம்பெனியைக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். நான் அடிப்பது பழைய தமிழ் ஃபான்ட்டில். விரல்கள் டைப்ரைட்டர் காலத்துப் பழக்கத்தில் ஓடும். அந்த ஃபான்ட்டும் பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேரும் அவருடைய லினக்ஸில் ஓடாது. இதில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக் காட்டுங்கள், நாளைக்கே மாறிவிடுகிறேன் என்பேன். அவர் ஒப்புக்கொள்வார். "அது இன்னும் வரல சார். உண்மதான். யாராவது எழுதுவாங்க" என்பார். தன் பக்கத்தில் இருக்கும் ஓட்டையை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நானாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. டிக்கெட் பையில் எப்போதும் நாலைந்து சிடி வைத்திருப்பார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியை வீட்டில் படி எடுத்து, பஸ்ஸில் பழக்கமானவர்களுக்கு, மெஸ்காரருக்கு, ஆட்டோக்காரருக்கு என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். கணினியில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, சிடியைப் போட்டு ஆன் செய்தால் அதிலிருந்தே ஓடும், உள்ளே இருப்பதைத் தொடாது என்று விளக்குவார். ஒரே ஒரு நிபந்தனைதான். வாங்கியவர் இன்னொரு படி எடுத்து வேறு ஒருவருக்குத் தர வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பார். படி எடுத்துக் கொடுத்ததாக யாராவது சொன்னால் அவர் பெயருக்கு எதிரே ஒரு டிக் போடுவார். எனக்கே இரண்டு தடவை கொடுத்தார். என் பெயருக்கு எதிரே டிக் விழவே இல்லை.

இப்படிக் கொடுப்பது வெறும் குப்பை சேர்க்கிற வேலை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். காசு கொடுக்காமல் வந்த பொருளை இந்த ஊரில் எவனும் பத்திரமாக வைத்திருக்க மாட்டான் என்றேன். "நாப்பது பேருக்குக் குடுத்தா நாலு பேராவது வெச்சிருப்பாங்க சார். அது போதும்" என்றார். பைத்தியம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் வெளியேயும் சொல்லியிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆயுத பூஜை வந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் நாலைந்து வருடம் போயிருக்கும். முந்தைய நாள் கடையைக் கழுவி, ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கம்ப்யூட்டரை நான் அணைக்கவில்லை. யூபிஎஸ் பாட்டரி வேறு செத்துக் கிடந்தது. சட்டென்று நின்றுவிட்டது. கரண்ட் வந்தபிறகு நான் ஆன் செய்து பார்க்கவில்லை. நாளைக்குப் பூஜை, அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று துணி போட்டு மூடினேன்.

பூஜையன்று காலையில் மானிட்டர், கீபோர்டு, பிரின்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். என் ஒரிஜினல் விண்டோஸ் சிடியையும் வருடா வருடம் போல் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். டியூட்டிக்குப் போகிற வழியில் கண்டக்டர் எட்டிப் பார்த்து, பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார். "இதையும் வைங்க சார். இதுவும் ஆயுதந்தான்" என்றார். வைக்கிறேன், சாமியாவது இதைப் போட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சென்னை பஸ்ஸுக்குப் போய்விட்டார். திருவிழாக் கூட்டம், தொடர்ந்து நாலு நாள் டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன். ஒரிஜினல் சிடியின் மேல்பக்கம் கம்பெனி முத்திரையும் மினுமினுக்கும் எழுத்துமாக இருக்கும். அதில் சந்தனம் பட்டால் முத்திரை போய்விடுமே என்று எனக்குப் பயம். அதனால் சிடியைத் திருப்பி, ஒன்றும் எழுதாத பளபளப்பான அடிப்பக்கத்தில் விபூதி மூன்று கோடு இழுத்து, சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். கண்டக்டர் கொடுத்த சிடிக்கும் அதே மரியாதை. என் மனைவி பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் வெக்கலாமா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் தட்டைக் கலைத்தபோது சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். மஞ்சளாகக் கறை நின்றது. எங்கள் வீட்டில் குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் விபூதி போட்டுத்தான் துலக்குவோம். கை தானாக விபூதித் தட்டுக்குப் போனது. இரண்டு விரலால் எடுத்து, வட்ட வட்டமாக, நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கறை போய்விட்டது. எனக்குப் பரம திருப்தி. பாரபட்சம் பார்க்கக் கூடாது என்று கண்டக்டர் சிடியையும் அதே போல் துலக்கி வைத்தேன்.

பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. முந்தைய நாளுக்கு முந்தைய நாள் கரண்ட் போனபோது ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று புரிந்தது. பயப்படவில்லை. ஒரிஜினல் எதற்கு இருக்கிறது? சிடியைப் போட்டேன். உள்ளே கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. படிக்க முடியவில்லை என்றது. வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். நான் துலக்கிய துலக்கு முழுக்க வளையம் வளையமாகக் கீறல்களாக நின்றது. என் வாழ்க்கையில் நான் காசு கொடுத்து வாங்கிய மிக நேர்மையான பொருளை விபூதி போட்டு நானே கொன்றிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றினாள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். தமிழில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சாகுபடியில் பெண்கள் புழங்கும் சொற்களைப் பற்றி ஆய்வேடு. களை வெட்டும்போதும் செடியிலிருந்து காய் ஆயும்போதும் அவள் அம்மாவும் சித்திகளும் பேசுகிற வார்த்தைகளையெல்லாம் அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்திருந்தாள். இரண்டு மாதமாக என்னிடம்தான் அடிக்கக் கொடுத்தாள். கடைசி இரண்டு இயலைத் தாளில் எழுதவே இல்லை. அட்டைகளைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல நான் நேராகத் திரையில் அடித்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் வேலூரில் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்று புதன். பிரின்ட் எடுத்து பைண்டிங்குக்குக் கொடுக்க வந்திருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தேனே, அது இருக்கிறது என்று தைரியம் சொன்னேன். தேரடி வீதியில் அச்சகம் வைத்திருந்த நண்பர் கடைக்கு அதை எடுத்துக்கொண்டு ஓடினோம். திறக்கவில்லை. ஃப்ளாப்பியோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். பெட்டியைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை எடுக்க எனக்குத் தெரியாது. பிரவுசிங் சென்டர்காரர் ஒரு சிடியோடு வந்தார். பத்து நிமிஷத்தில் புது விண்டோஸ் வந்துவிடும், ஆனால் பழையது எல்லாம் அழிந்துவிடும் என்றார். நல்லவேளை, அதையாவது முதலில் சொன்னார்.

அவள் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, இந்தத் தேதி போச்சுன்னா அப்புறம் ஆறு மாசம். ஆறு மாசம் எங்க வீட்ல தர மாட்டாங்க. தீபாவளி வரைக்கும்தான்னு சொல்லித்தான் அனுப்பனாங்க."

தீபாவளிக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அந்தக் கணத்தில் எனக்கு என் மேல் வந்த கோபம் மாதிரி வேறு யார் மேலும் வந்ததில்லை. மற்றவர்களைத் திட்ட எத்தனையோ வார்த்தைகள் வைத்திருந்தேன். எனக்கென்று ஒன்றும் அகப்படவில்லை.

உள்ளே இருப்பதைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடும் என்று கண்டக்டர் ஆயிரம் தடவை சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. தட்டில் இருந்த அவருடைய சிடியைப் போட்டேன். அதுவும் கரகரத்து நின்றது. அதையும்தான் பாரபட்சம் இல்லாமல் துலக்கியிருந்தேனே. முன்பு கொடுத்த இரண்டு? ஒன்றை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். இன்னொன்றின் மேல் கடை வாசலில் கொசுவத்தி வைத்திருந்தேன்.

அவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், அவர் டியூட்டியில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வருவார் என்றார். சிடி இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணு கூட இல்லீங்க. கையில இருந்தத எல்லாம் பூஜைக்குன்னு எடுத்தும்போய்க் குடுத்துட்டாரு. வீட்டு மிஷினு வேற டிஸ்க்கு போயி ஒரு மாசமா சும்மா கெடக்குது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பழைய டைரியை எடுத்து வந்து கொடுத்தார். யாருக்குக் கொடுத்தார் என்று இதில் இருக்கும், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். எதைக் குப்பை என்று சொன்னேனோ அதைத் தேடி ஊர் சுற்றக் கிளம்பினேன்.

முதலில் எங்கள் ரோட்டு மெஸ். ஓனர் சிடியை உடனே எடுத்துக் காட்டினார்; அதன் மேல்தான் சட்னிப் பாத்திரத்தை வைத்திருந்தார். அடுத்து ஆட்டோக்காரர். முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் காய்ந்து உரிந்திருந்தது. அடி அண்ணாமலையில் ஒரு விவசாயி பெயர் இருந்தது. அவர் என்னைக் கம்பங்கொல்லைக்கே கூட்டிக்கொண்டு போனார். கொல்லை நடுவில் கயிறு கட்டி நாலு சிடி தொங்கின. "கண்டக்டரு குடுத்தது சார். குருவி கிட்ட வரதே கிடையாது" என்றார் சந்தோஷமாக. எது அவர் கொடுத்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான்கையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒருவரும் பத்திரமாக வைத்திருக்கவில்லை. ஜெயித்ததற்காக அன்றைக்கு வருத்தப்பட்ட மாதிரி நான் என்றைக்கும் பட்டதில்லை.

டைரியில் டிக் போட்ட பெயர்கள் மொத்தம் மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மூன்றாவது, கீழ்பென்னாத்தூரில் ஒரு உரக்கடைக்காரர். மத்தியானம் தாண்டிய வெயிலில் அங்கே போய்ச் சேர்ந்தேன். கடைக்குள் உர மூட்டைகளுக்கு நடுவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திரையைக் குனிந்து பார்த்தேன். அது விண்டோஸ் இல்லை.

கண்டக்டர் கொடுத்த சிடி வேண்டும் என்றேன். அது தன்னிடம் இல்லை என்றார் உரக்கடைக்காரர். யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டாராம். பிறகு தன் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துக்கொண்டபோது, உரம் வாங்க வந்த ஒருவர் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்தாராம். அவருக்கு அதை அவலூர்பேட்டையில் யாரோ கொடுத்ததாம். அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ. "எங்க கிளம்புச்சின்னு தெரியல சார். எங்கிட்டருந்து போனதே சுத்தினு வந்திருக்கும்" என்று சொல்லிக் கல்லாப் பெட்டிக்குக் கீழேயிருந்து எடுத்தார்.

பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்கு மேல் காகித உறை செய்து ஒட்டியிருந்தது. உறைக்குள் ஒரு கோடு போட்ட தாள், நாலாக மடித்தது. ஊதா மையில், அழகான கையெழுத்தில், பிழை ஒன்றுகூட இல்லாமல் தமிழில் எழுதியிருந்தது. ஆன் செய்ததும் எந்தக் கீயை அழுத்த வேண்டும், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. நடுவில் ஒரு வரி: "பயப்பட வேண்டாம். உங்கள் கணினியில் இருப்பது எதுவும் அழியாது." கடைசியில்: "படி எடுத்து இன்னொருவருக்குத் தரவும்." பெயர் இல்லை. ஊர் இல்லை. கண்டக்டர் கையெழுத்து எனக்குத் தெரியும். இது அவருடையது இல்லை.

உர வாசனைக்கு நடுவில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முகம் தெரியாத யாருக்கோ பயம் வரும் என்று யோசித்து, பயப்பட வேண்டாம் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. என் ஒரிஜினல் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தில் எத்தனையோ பக்கம் இருந்தது. இப்படி ஒரு வரி இல்லை. கண் கலங்கியது. உர வாடை கண்ணை எரிக்கிறது என்று உரக்கடைக்காரரிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவள் அதே ஸ்டூலில் இருந்தாள். தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள், நான் அதன்படி செய்தேன். திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஏறின. ஐந்து நிமிஷம் போலக் காத்திருந்தோம். பிறகு நீல நிறத்தில் ஒரு திரை விரிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் படத்தைத் தட்டினேன். என் ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தன. அவள் பெயர் போட்டதைத் திறந்தேன். ஏழு இயல்களும் இருந்தன.

ஒன்றைத் திறந்து பார்த்தபோது அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தமிழுக்குப் பதில் கொம்பும் புள்ளியும் வைத்த ஏதேதோ எழுத்துகள். "அது ஃபான்ட் இல்லம்மா, வேற ஒண்ணும் இல்ல. ஃபைல் நல்லா இருக்கு" என்றேன். ஆறு வருடம் எதை வைத்து அவரை மடக்கினேனோ, அந்த ஓட்டையை இப்போது நான் அவருக்காக விளக்கிக்கொண்டிருந்தேன். புது ஃப்ளாப்பிப் பெட்டி ஒன்றை உடைத்து, ஒவ்வொரு இயலையும் இரண்டிரண்டாக எடுத்தேன். அச்சக நண்பர் கடையில் அதைப் போட்டதும் மல்லாட்டைக் கொல்லைச் சொற்கள் எல்லாம் தமிழில் வந்து நின்றன. அவள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் அங்கேயே உட்கார்ந்து கடைசித் திருத்தங்களைப் போட்டோம். நன்றியுரை மட்டும் பாக்கி இருந்தது. நெறியாளர், அம்மா, சித்திகள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தன் ஆய்வேட்டைக் காப்பாற்றியதற்காக என் பெயரைக் கடைசியில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அந்த வரியை நான் அடிக்கவில்லை. கெடுத்ததே நான்தான் என்றேன். வேறு என்ன போடுவது என்று கேட்டாள். நான் அடித்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலூரிலிருந்து போன் செய்து, கொடுத்துவிட்டேன் அண்ணா என்றாள்.

சனிக்கிழமை காலை கண்டக்டர் வந்தார். வீட்டில் எல்லாம் சொல்லியிருப்பார்கள். கேலிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அன்று மட்டும் எத்தனை கேலி செய்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவர் கேலியே செய்யவில்லை. "ஒரிஜினல எங்க? குடுங்க பாப்போம்" என்றார். பையிலிருந்து பற்பசையும் பஞ்சும் எடுத்தார். "வட்டமா தேய்க்கக் கூடாது சார். நடுவுலருந்து வெளிய, நேரா" என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடித் துண்டைத் துடைப்பது போல மெதுவாக அரைமணி நேரம் தேய்த்தார். கழுவினார். காயவைத்தார். மூன்றாவது தடவை அது படித்தது. ஓய்வு நாளில் பாதியை என் விண்டோஸைச் சரிசெய்வதில் கழித்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்குப் பிடிக்காததை எதற்காக இப்படி உட்கார்ந்து சரிசெய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்க வேலைக்கு இன்னிக்கு இதுதான சார் ஓடுது. நம்ம பேச்சு எங்க போயிடப் போவுது? வேல நிக்கக் கூடாதில்ல" என்றார்.

அதுவரை எத்தனையோ நல்லவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்குவாதத்தில் ஜெயித்த அன்றைக்கு, தோற்றவன் கட்சியை உட்கார்ந்து பழுது பார்த்துக் கொடுத்தவரை அவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வருவது எனக்கே புதிதாக இருந்தது. எல்லாம் சரி இல்லை, ஃபான்ட் விஷயம் நீங்கள் சொன்னது சரிதான் என்றார் அவர்.

அச்சகத்திலிருந்து ஆய்வேட்டில் எனக்கென்று ஒரு பிரதி கொண்டுவந்திருந்தேன். நன்றியுரைப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். கடைசி வரி இப்படி இருந்தது: "தங்களுக்குக் கிடைத்ததைப் படி எடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுத்த அனைவருக்கும், அதைப் பேருந்தில் தொடங்கி வைத்த நடத்துநருக்கும் நன்றி."

அவர் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

இரண்டு காப்பி போட்டேன். ஒன்று அவருக்கு, இன்னொன்றை யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். திருப்பிக் கொடுப்பதற்காக நான் மேஜையில் வைத்திருந்த டைரியை அவர் எடுத்து, என் பெயரைத் தேடி, எதிரே ஒரு டிக் போட்டார்.